கடிவாயில் நடப்பது என்ன?

நாய் கடித்த இடத்தில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் மிளகாய்ப்பொடியையும் அப்பும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. அந்தக் கடிவாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாருக்கும் அப்படிச் செய்ய மனம் வராது.

வெறிநாய்க்கடி நோயைத் தரும் ரேபிஸ் வைரஸுக்கு இருப்பவை ஐந்தே மரபணுக்கள். சுமார் 12,000 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ இழை. நம்முடையதோ 300 கோடிக்கு மேல். வைரஸ் உண்ணாது, மூச்சு விடாது. எச்சிலோடு தசைக்குள் இறங்கியதும், அதன் மேலுறையில் துருத்தி நிற்கும் புரதம், நரம்பின் கட்டளையை வாங்குவதற்காகத் தசைச் செல்லில் இருக்கும் ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

அந்த ஆர்.என்.ஏ-வை நம் ரைபோசோம்களால் அப்படியே படிக்க முடியாது. அதனால் படியெடுக்கும் நொதியை மட்டும் வைரஸ் கையோடு கொண்டுவருகிறது. மற்றவையெல்லாம் நம்முடையவை: மூலப்பொருள், ஆற்றல், புரதத்தைக் கோக்கும் ரைபோசோம். புதிய வைரஸ்கள் வெளியேறும்போது செல்லின் கொழுப்புச் சவ்விலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போகின்றன.

பிறகு வைரஸ் நரம்புக்குள் நுழைகிறது. நரம்பு தன் தேவைக்காக வைத்திருக்கும் உள்போக்குவரத்தில் ஏறி, நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டராக மூளையை நோக்கி நகர்கிறது. இந்த நோயால் இறந்தவர்களின் மூளைச் செல்களில் காணப்படும் உருண்டைத் திட்டுகளை 1903-ல் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி விவரித்தார். வைரஸின் ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுவது அந்தத் திட்டுகளில்தான் என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. வைரஸ் மூளையிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கினால் அடுத்த கடிக்குத் தயார். அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை.

ஆனால் இந்தப் பயணம் மெதுவானது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்தில், தலையில் கடித்தால் சீக்கிரம். தடுப்பூசி நம்மைக் காப்பது இந்த இடைவெளியில்தான். நம்மிடம் திருடிய கொழுப்புப் போர்வைதான் வைரஸின் பலவீனமும். சோப்பு அதைக் கரைத்துவிடும். போர்வை போனால் செல்லைப் பற்ற முடியாது. வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகவே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கப்பட்டது. நூறாண்டுக்கு மேலாகியும் இந்த நோயால் நாம் ஆளை இழப்பது எனக்குத் தாங்கவில்லை.

நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலைத் துளைத்து ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத ஊசியும் தேவை. புண் ஆறிவிட்டதே என்று பாதியில் நிறுத்தாமல், மருத்துவர் சொன்ன எல்லாத் தவணை ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள்.