பழைய ஆறு சிலிண்டர் காரில் கியர் விகிதத்தை மாற்றும் முன்

1940களின் ஷெவர்லே கார்களில் இருந்த 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், அதாவது ஏறக்குறைய மூன்றரை லிட்டர் இன்ஜின், நிதானமாக ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. குறைந்த சுற்றிலேயே நல்ல இழுவை கிடைக்கும். அதற்கு இசைவாகப் பின் ஆக்சில் விகிதம் 4.11 என வைக்கப்பட்டது: பினியனில் 9 பற்கள், கிரவுன் வீலில் 37 பற்கள். முன்னோக்கிய கியர்கள் மூன்றுதான். குண்டும் குழியுமான சாலைக்கும் மேட்டுக்கும் இது பொருத்தமே. நான்குவழிச் சாலையில்தான் சிக்கல். 28 அங்குல டயருடன் மணிக்கு 80 கி.மீ. போனால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,450 முறை சுழலும். இதன் கனெக்டிங் ராட் பேரிங்குகள் பாபிட் உலோகம் வார்த்தவை. அவற்றுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தில் போவதில்லை, ராடின் அடிமுனை அள்ளிக்கொள்வதுதான். மணிக்கணக்கில் அந்தச் சுற்றில் ஓட்டினால் தேய்மானம் நிச்சயம்.

ஆகவே விகிதத்தைக் குறைக்க உரிமையாளர்கள் விரும்புவது நியாயமே. ஆனால் கியர் பாக்ஸ், ஆக்சில், டயர், இன்ஜின் நான்கும் சேர்ந்து ஒரே கணக்கு. 1950இல் பவர்கிளைடு தானியங்கி கியருடன் வந்த கார்களுக்கு ஷெவர்லே நிறுவனமே 3.55 விகிதம் தந்தது. அந்தக் கிரவுன் பினியனைப் போட்டால் அதே 80 கி.மீ. வேகத்துக்கு 2,120 சுற்று போதும். அதோடு 0.72 ஓவர்டிரைவ் கொண்ட ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்தால் சுற்று 1,530க்கு இறங்கிவிடும். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் சிறு ஏற்றத்திலேயே இன்ஜின் திணறி நாக் அடிக்கும். பாபிட் பேரிங்குக்கு அதிக சுற்று எவ்வளவு கெடுதலோ, திணறலும் அவ்வளவு கெடுதல். ஆக்சில் விகிதம், ஓவர்டிரைவ் இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும்.

கியர் பாக்ஸை மாற்றுவதில் இன்னொரு தடையும் உண்டு. 1954 வரையிலான ஷெவர்லே கார்களில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் டார்க் டியூப் என்ற மூடிய குழாய்க்குள் இருக்கிறது. காரை முன்தள்ளும் விசையும் அந்தக் குழாய் வழியாகவே போகிறது. நவீன கியர் பாக்ஸ் அதனுடன் சேராது. குழாயை நீக்கினால் ஆக்சிலும் மாற வேண்டும், விசையைத் தாங்கும் வேலை ஸ்பிரிங்குகளுக்குப் போகும், ஹேண்ட் பிரேக் கேபிளும் புதிதாகப் பொருத்தப்பட வேண்டும். கியர் பாக்ஸ் தாங்கிக்காகச் சேசிஸில் வெட்டும் வெல்டிங்கும் வரும். சட்டச் சிக்கல் தொடங்கும் இடமும் அதுவே.

பழைய கார் கைமாறும்போது சொல்லப்படும் விகிதத்தை நம்ப வேண்டியதில்லை. இரு பின் சக்கரங்களையும் தூக்கி நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் சக்கரங்களை ஒருசேர ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் புல்லி நான்கு சுற்றுக்குச் சற்று மேல் வந்தால் 4.11; மூன்றரைச் சுற்று வந்தால் 3.55. ஒரு சக்கரம் மட்டும் தரையில் இருந்தால், மற்றதை இரண்டு முறை சுற்றினால்தான் இந்தக் கணக்கு வரும்.

விகிதம் மாறியதும் வரும் ஆபத்துகளில் பலரும் கவனிக்காதது ஸ்பீடோமீட்டர். இது கியர் பாக்ஸின் பின்முனையிலிருந்து இயங்குவதால், 3.55 போட்டபின் கார் 80இல் போகும்போது முள் 69ஐத்தான் காட்டும். ஸ்பீடோமீட்டர் பினியனை மாற்றாத வேலை முடியாத வேலை. மலைச்சாலை இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறையும். டிரம் பிரேக் மட்டுமே உள்ள காருக்கு இது சின்ன விஷயமல்ல. நின்ற இடத்திலிருந்து மேடேறும்போது கிளட்ச் கூடுதலாக வழுக்கும்.

இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 50 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் உண்டு. அவற்றின்படி கார் மூல வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது. பெட்ரோல் செலவுக்கு அஞ்சி டீசல் இன்ஜின் மாட்டப்பட்ட பழைய கார்கள் இந்தப் பதிவுக்குத் தகுதி பெறுவது கடினம். பல் எண்ணிக்கை பதிவுச் சான்றில் வருவதில்லை. எனவே மூல ஆக்சில் கூட்டுக்குள் கிரவுன் பினியனை மட்டும் மாற்றுவதே பொறியியல்படியும் சட்டப்படியும் நல்ல வழி. பெரிய மாற்றம் என்றால் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் அவசியம். தெரிவிக்காவிட்டால் சொந்தச் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு.

பணிமனையிடம் வேலை கொடுக்கும்போது பல் எண்ணிக்கை, டயர் அளவு, ஸ்பீடோமீட்டர் திருத்தம் ஆகியவற்றை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்க வேண்டும்; கழற்றிய பாகங்களையும் கேட்டுப் பெற வேண்டும். பேசியதற்கு மாறாக வேலை நடந்தால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. 1915 என்ற உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால், கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. வியாபாரியல்லாத தனிநபர் தம் காரை விற்றதில் எழும் தகராறு இந்த ஆணையத்துக்கு வராது. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.