சொந்த மெசேஜிங் சர்வர் வைத்திருக்கிறீர்களா? 'பக்கத்துக் கதவு' திறந்திருக்கலாம்!

சங்கத்துக்கோ சிறு நிறுவனத்துக்கோ சொந்தமாக ஒரு மெசேஜிங் சர்வர். ப்ரோசடி, ஈஜாபர்ட் போன்ற இலவச மென்பொருள்கள் அதற்கு உதவுகின்றன.

"சர்வர் நம்மகிட்ட இருக்கு, வெளியாள் யாரும் வர முடியாது" என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள்!

எப்படி இயங்குகிறது?

இரண்டும் எக்ஸ்எம்பிபி எனும் பொது நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. மின்னஞ்சல் மாதிரிதான். ஒரு சர்வரில் கணக்கு உள்ளவர் வேறொரு சர்வரில் உள்ளவருக்குச் செய்தி அனுப்பலாம்.

உங்கள் கைத்தொலைபேசி சர்வருடன் பேசுவது வழக்கமாக 5222 போர்ட் வழியாக. சர்வரும் சர்வரும் பேசுவது 5269 வழியாக. நீங்களாக மாற்றாதவரை மற்ற சர்வர்களுக்கும் அனுமதி உண்டு.

அதனால் என்ன?

- முன்பின் தெரியாதவர்கள் உங்கள் உறுப்பினர்களுக்கு ஸ்பேம், மோசடிச் செய்திகளை அனுப்பலாம்.

- வெளியே போன செய்தியின் நகல் அடுத்த சர்வரில் இருக்கலாம். உங்கள் சர்வரில் அழித்தாலும் அது அங்கே அழியாது.

என்ன செய்யலாம்?

1. முழுவதும் மூடுவது: மென்பொருள் அமைப்பிலேயே சர்வர் இணைப்பை நிறுத்துங்கள். வெளியிலிருந்து 5269-க்கு வருவதை ஃபயர்வாலில் தடுத்தால் மட்டும் போதாது. உங்கள் சர்வர் தானாக வெளியே போய் இணையலாம்.

2. பட்டியல் போடுவது: நம்பும் சர்வர்களுக்கு மட்டும் அனுமதி.

3. திறந்து வைத்துத் தடுப்பது: தொல்லை தரும் சர்வர்களை மட்டும் நிறுத்தலாம். ஆனால் அவர்கள் நாளைக்கே புதுப் பெயரில் வரலாம்.

வெளியிணைப்பு வேண்டும் என்றால் மறையாக்கத்தையும் முறையான சான்றிதழையும் கட்டாயமாக்குங்கள். இல்லையென்றால், பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாராவது நுழையும் அபாயம் உண்டு.

மூடினால் இழப்பு உண்டா?

உண்டு. கூகல் டாக் 2006-இல் மற்ற சர்வர்களுக்குக் கதவைத் திறந்தது. அதற்குப் பதிலாக 2013-இல் வந்த ஹேங்கவுட்ஸில் அந்த வசதி இல்லை. அதற்கு மாறியவர்களால் வெளிச் சர்வர்களில் இருந்த நண்பர்களுடன் அங்கிருந்து பேச முடியாமல் போனது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

உறுப்பினர்களுக்குள் மட்டும் பேச்சு என்றால் மூடிவிடலாம். வெளியே சில குழுக்களோடு பேச வேண்டுமா? பட்டியலே நல்லது. எதுவானாலும் உறுப்பினர்களிடம் முதலில் கேளுங்கள். யாருடைய நண்பர் எந்தச் சர்வரில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.