களைச்செடியில் விளைந்த கைத்தொழில்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பெங்களூரு லால்பாக் பூங்காவிற்குச் சென்றவர்கள், புல்வெளியில் ஒரு யானைக்கூட்டம் நிற்பதைக் கண்டு வியந்தனர். உண்மை யானைகளின் அளவிலேயே அமைந்த அச்சிற்பங்கள் அனைத்தும் உண்ணிச்செடியின் தண்டுகளால் ஆனவை. அவற்றை வனைந்தவர்கள் நீலகிரிப் பகுதியைச் சேர்ந்த பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய பழங்குடி மக்கள். அதே ஆண்டில் அந்த யானைகள் கடல் கடந்து அமெரிக்காவையும் சென்றடைந்தன.

உண்ணிச்செடி நம் மண்ணுக்குரியதன்று. அழகுச்செடியாக அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்று காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது. அது பரவிய இடத்தில் புல் முளைப்பதில்லை. மானும் காட்டெருதும் மேய வழியில்லை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையிலும் மாதேஸ்வரன் மலையிலும் வாழும் சோளகர்கள், முற்காலத்தில் கோடையின் தொடக்கத்தில் சருகுகளுக்கு மெல்லிய தீ மூட்டுவது வழக்கம். அத்தீ நின்றுபோன பின்னரே உண்ணிப் புதர்களும், நெல்லிமரங்களைப் பற்றும் புல்லுருவியும் பெருகின என்பது அவர்களது கருத்து.

பிலிகிரி மலை 1974இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேட்டையும் தீமூட்டலும் நின்றன. பல குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. பின்னர், தேன், நெல்லி முதலிய சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் தடை வந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் வழியே, 2011இல் சோளகர்களின் கிராம சபைகள் சமூக வன உரிமை பெற்றன. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இவ்வுரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுவே முதன்முறை.

உரிமை கிடைத்தது, ஆனால் அதனை வருவாயாக மாற்றப் பயிற்சி வேண்டும். பெங்களூருவில் இயங்கும் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் மாதேஸ்வரன் மலையில் அளித்துவரும் கைவினைப் பயிற்சி இதற்கோர் எடுத்துக்காட்டு. உண்ணித் தண்டுகளை வெட்டி, கொதிநீரில் வேகவைத்து, பட்டையை உரித்து, சூடு ஆறுமுன் வளைத்துப் பிரம்பைப் போல் நாற்காலியாகவும் கூடையாகவும் முடைகின்றனர். பிரம்பிற்கும் மூங்கிலுக்கும் மாற்று கிடைக்கிறது. காட்டின் களையும் குறைகிறது. நெல்லி பறிப்போர்க்குக் கிளையை முறிக்காமல் காய் எடுப்பதும், புல்லுருவியை அகற்றுவதும், அடுத்த பருவத்தின் விளைச்சலைக் கணிப்பதும் இத்தகைய பயிற்சியின் கூறுகளே.

இப்பயிற்சிக்கான பணம் எங்கே செலவாகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். கொப்பரை, கத்தி, ஆணி ஆகியவற்றின் விலை சிறிதே. பயிற்சி நாட்களில் இழக்கும் கூலியே பெரிது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துப் பெண்ணொருத்தி, ஈடு செய்வாரின்றி ஒரு மாதம் பயிற்சிக்கு வர இயலாது. எனவே உதவித்தொகையில்லாத பயிற்சி, வசதியுள்ளவர்க்கே பயன்படும். பொருள் விற்று முதல் வருவாய் வரும்வரை தாங்கும் நிதியும் தேவை.

இதில் வங்கித்துறைக்குப் பெங்களூரு முன்னரே ஒரு பாடம் கற்பித்துள்ளது. 1968இல் இந்நகரில் தோன்றிய மைராடா அமைப்பு, சிறு சேமிப்புக் குழுக்களை உருவாக்கி வந்தது. அக்குழுக்களின் பயிற்சிக்கும் தொடக்க முதலுக்கும் நபார்டு வங்கி 1987இல் 10 லட்சம் ரூபாய் மானியம் அளித்தது. அந்த அனுபவமே, 1992இல் 500 குழுக்களை இலக்காகக் கொண்டு தொடங்கிய சுயஉதவிக்குழு – வங்கி இணைப்புத் திட்டத்திற்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. பின்னர் தனது 2003-04 ஆண்டு இலாபத்திலிருந்து 50 கோடி ரூபாய் ஒதுக்கி, பழங்குடியினர் மேம்பாட்டு நிதியையும் நபார்டு உருவாக்கியது.

முறை எளிது: முதலில் மானியத்தால் பயிற்சி, அடுத்துக் குழுவின் சேமிப்பு, அதன் பின்னரே கடன். வரிசை மாறினால், கைத்திறன் வருமுன் கடன்சுமை வந்துவிடும். பயிற்சியுடன் சந்தையும் வேண்டும். முடைந்த நாற்காலி விற்காமல் கிடந்தால், கற்ற கை மீண்டும் கூலி வேலைக்கே திரும்பும்.

வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. வீட்டிற்கு ஒரு கூடையோ நாற்காலியோ வாங்கும்போது உண்ணிச்செடிப் பொருளைக் கேட்டு வாங்கலாம். நாம் தரும் விலையில் ஒரு குடும்பத்தின் கூலியும், காட்டில் மீண்டும் புல் முளைக்கச் சிறிது இடமும் அடங்கியிருக்கின்றன.