டையோடுதானே... எதைப் போட்டா என்ன?

ஹாஸ்டல் டி.வி. திடீர்னு படுத்துடுச்சு. 'நாமளே இ.சி.இ. பசங்க, மெக்கானிக் எதுக்கு?' என்று ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக இறங்கினோம். பவர் போர்டில் ஒரு குட்டி டையோடு ஷார்ட். லேப் டப்பாவில் கிடந்த 1என் 4007-ஐ வைத்து சால்டர் பண்ணி ஆன் செய்தோம். படம் வந்துச்சு. ஒரே விசில்! சரியா ரெண்டு நிமிஷம்... குபுகுபுன்னு புகை!

இத்தனைக்கும் போன டையோடும் 1000 வோல்ட், 1 ஆம்பியர். நாங்க போட்டதும் அதேதான். அப்புறம் எங்கே உதைக்குது?

வேகத்தில்! வீட்டுக்கு வர்ற கரண்ட் வினாடிக்கு 50 சுற்று. எஸ்.எம்.பி.எஸ்-க்குள் கதையே வேற. 230 வோல்ட் ஏ.சி., சுமார் 325 வோல்ட் டி.சி. ஆகும். அதை ஒரு மாஸ்ஃபெட் வினாடிக்கு 65,000 தடவை போல ஆன், ஆஃப் பண்ணும். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது வெறும் 15 மைக்ரோ செகண்ட். 'நில்லு'ன்னா டையோடு உடனே நிற்காது. கொஞ்ச நேரம் ரிவர்ஸிலும் கரண்ட்டை விடும். இதுதான் ரிவர்ஸ் ரெகவரி டைம். 1என் 4007-க்கு இது மைக்ரோ செகண்ட் கணக்கு. அங்கே இருந்த யு.எஃப். 4007-க்கு 75 நானோ செகண்ட்தான். பாவம், நம்ம ஆள் நிற்கிறதுக்குள்ளே அடுத்த சுற்று வந்துடும். சூடாகிச் செத்துப்போகும். அதே ஆளை மெயின்ஸ் நுழையும் பிரிட்ஜில் போடுங்க, ஜம்முனு உழைப்பார்!

'அப்போ எல்லா இடத்திலும் ஷாட்கி போட்டுடலாமா?' அவசரப்படாதீங்க. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் 5 வோல்ட் லைனுக்கு ஷாட்கி பிரமாதம். 20 ஆம்பியர் ஓடும்போது டையோடில் 1 வோல்ட் விழுந்தால் 20 வாட் சூடாகவே வீண். ஷாட்கியில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் டி.வி.யில் வர்ற ஃப்ளைபேக் சர்க்யூட்டின் 12 வோல்ட் லைனில் '12 தானே, 45 வோல்ட் ஷாட்கி தாங்காதா?' என்றால் மாட்டினீங்க. டிரான்ஸ்ஃபார்மர் 10-க்கு 1 என்றால், ரிவர்ஸில் 32-ம் 12-ம் சேர்ந்து 44 வோல்ட்! மேலே ஸ்பைக் வேற. 100 வோல்ட் வாங்குங்க. மாஸ்ஃபெட்டும் அப்படித்தான், 325 வோல்ட்டுக்கு 400 போதாது, 600-க்கு மேல் பாருங்க.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனா, 'இதுக்குப் பதில் இது, ரெண்டும் ஒண்ணுதான் தம்பி'ன்னு தள்ளிவிடப் பார்ப்பாங்க. போனில் டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்துட்டு காசை எடுங்க. காலில் பழைய ஈயம் ஒட்டியிருந்தால் ஏதோ போர்டில் கழற்றினது, வேண்டாம்.

இன்னொண்ணு. பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீங்க, ப்ளீஸ்!

எங்க டி.வி.? யு.எஃப். 4007 தேடி வாங்கினோம். கூடவே செத்த மாஸ்ஃபெட்டுக்கும் தண்டம் அழுதோம். இந்தத் தடவை 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் மாட்டித்தான் ஆன் செய்தோம். பல்பு பளிச்சுனு எரிஞ்சு மங்கிச்சு. படம் வந்துச்சு. விசில் மட்டும் யாரும் அடிக்கலை. ரெண்டு நிமிஷம் எல்லாரும் வாட்ச்சையே பார்த்துக்கிட்டு நின்னோம்!