எல்லோர் கையிலும் காமிரா: இனிப் புகைப்படக்காரர் எதற்கு?

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

மகாகவி பாரதியாரின் தோற்றத்தை அறியாத தமிழர் இலர். முண்டாசும் முறுக்கிய மீசையும் ஊடுருவும் பார்வையும் நம் மனக்கண்ணில் நிற்கின்றன. ஆனால் நமக்குக் கிடைத்துள்ள அவருடைய புகைப்படங்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். அவற்றுள் சில 1919-இல் காரைக்குடியில் எடுக்கப்பட்டவை. இன்றோ நம் கல்லூரி மாணவர் ஒருவர் காண்டீனில் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் அதைவிட அதிகமான படங்களில் தம்மைப் பதிவு செய்துகொண்டு விடுகிறார். கைப்பேசி உள்ள ஒவ்வொருவரும் காமிரா உள்ளவரே. அப்படியானால், படம் எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் கதி என்ன?

இக்கேள்வி எனக்கு வெறும் பட்டிமன்றத் தலைப்பு அன்று. என் தந்தையார் மயிலாப்பூரில் ஒரு சிறிய ஸ்டூடியோவின் இருட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று கைப்பேசி விற்கிறார்கள். ஆகவே இதை உணர்ச்சியால் மட்டும் அணுகாமல், வரலாற்று மாணவன் என்ற முறையில் ஆராய்ந்து பார்க்க விரும்பினேன்.

சென்னையில் வேர்விட்ட கலை

1839-இல் பாரிஸ் நகரில் டாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே சென்னையில் அக்கலை வேர்விட்டுவிட்டது. 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப்பள்ளியில் (இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி) அந்தப் பத்தாண்டிலேயே புகைப்படக் கலையும் கற்பிக்கப்பட்டது. புகைப்படச் சங்கம் ஒன்றும் தோன்றியது. 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் அவர் எடுத்த படங்கள் இன்று வரலாற்று ஆவணங்களாகப் போற்றப்படுகின்றன. ஆயினும் சில ஆண்டுகளிலேயே, ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில், செலவு மிகுதி என்று கருதி அப்பணி நிறுத்தப்பட்டது. புகைப்படக்காரர் தேவைதானா என்ற கேள்வி நம் மாகாணத்தில் அப்போதே எழுந்துவிட்டது!

பின்னர் மவுண்ட் ரோட்டில் நிக்கலஸ், வீலே அண்ட் கிளைன் போன்ற ஸ்டூடியோக்கள் புகழ்பெற்றன. பிரபுக்களும் ஜமீன்தார்களும் மட்டுமே அங்கே படியேற முடிந்தது. காலப்போக்கில் மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் நடுத்தரக் குடும்பத்தினருக்கான ஸ்டூடியோக்கள் பெருகின. குழந்தையின் முதலாண்டு நிறைவு, மணமக்கள், பட்டமளிப்பு அங்கி, அறுபதாம் கல்யாணம் என மனித வாழ்வின் படிகள் அனைத்தும் அந்தத் திரைச்சீலைகளின் முன்னே நின்று சென்றன.

கேள்வி புதிதன்று

காமிரா எல்லோர் கைக்கும் வருவது இது முதல் முறை அன்று. 1888-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 25 டாலர் விலையில் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூறு படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பினால் படங்களைப் பிரிண்ட் போட்டு, புதுச் சுருளும் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1900-இல் வந்த பிரவுனி காமிராவின் விலை ஒரே டாலர். நம் நாட்டிலும் ஆக்ஃபா கிளிக் 3 என்ற பெட்டிக் காமிரா ஆயிரமாயிரம் வீடுகளில் நுழைந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். 1980-களில் ஹாட் ஷாட் வந்தது.

இத்தனை காமிராக்கள் வந்தும் ஸ்டூடியோக்கள் ஏன் அழியவில்லை? என் தந்தையார் இதற்கு எளிய விடை சொன்னார். “எடுக்கிறது அவங்க எடுத்தாங்கப்பா. கழுவுறதுக்கு எங்ககிட்டதானே வரணும்!” ஆம். ஷட்டரை அழுத்துவது எல்லோருக்கும் கைவந்தது. ஆனால் சுருளைக் கழுவிப் பிரிண்ட் போடும் வித்தை ஸ்டூடியோவிடமே இருந்தது. வீட்டுக்கு வீடு காமிரா பெருகப் பெருக, ஸ்டூடியோவுக்கு வேலையும் பெருகியது.

இருட்டறைக்குள்

அந்த வித்தை என்ன என்பதை நம் தலைமுறையினர் பலர் அறியார். ஃபிலிம் சுருளை முழு இருட்டில், கைத்தடவலிலேயே தொட்டிக்குள் ஏற்ற வேண்டும். மெட்டால், ஹைட்ரோகுயினோன் கலந்த டெவலப்பர் திரவத்தில் கணக்கிட்ட நிமிடங்கள் ஊறியபின் உருவம் தோன்றும். வெப்பநிலை சற்று ஏறினாலும் படம் கருகிவிடும். சென்னையின் சித்திரை வெயிலில் பனிக்கட்டி வைத்துத் திரவத்தைக் குளிர்விப்பார்களாம். பிறகு ஹைப்போவில் இட்டு உருவத்தை நிலைநிறுத்தி, ஓடும் தண்ணீரில் நன்கு அலச வேண்டும். ஹைப்போ மிச்சமிருந்தால் சில ஆண்டுகளில் படம் மஞ்சளாகும். கூர்சீவிய பென்சிலால் நெகடிவில் அம்மைத் தழும்பையும் கண் கருவளையத்தையும் மறைக்கும் ‘டச்சிங்’ தனிக்கலை. அதற்கென்றே வேலையாட்கள் இருந்தனர்.

முதலில் கலர் லேப் இயந்திரங்கள் வந்து இந்தக் கைவேலையைக் குறைத்தன. பின்னர் டிஜிட்டல் காமிரா வந்து கழுவும் வேலையையே ஒழித்தது. முந்தைய மாற்றங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இம்முறை வாடிக்கையாளர் ஸ்டூடியோவுக்குத் திரும்பி வரவேண்டிய அவசியமே அற்றுப்போயிற்று.

இதன் அடி சிறியவர்கள் மீது மட்டும் விழவில்லை. டிஜிட்டல் காமிராவை 1975-இல் முதன்முதலில் செய்து பார்த்தவர் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன். அதே கோடக் 2012-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியது. நம் உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலையும் மூடப்பட்டது. 2013-இல் அமெரிக்க நாளேடான சிகாகோ சன்-டைம்ஸ் தன் முழுநேரப் புகைப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கி, செய்தியாளர்களே கைப்பேசியில் படம் எடுக்கட்டும் என்றது. சிறு ஸ்டூடியோக்களின் அன்றாடச் சோறாக இருந்த பாஸ்போர்ட் அளவுப் படமும் குறைந்துவிட்டது. பாஸ்போர்ட் சேவை மையத்திலும் ஆதார் மையத்திலும் அவர்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வு விண்ணப்பங்களுக்குப் படத்தைக் குறிப்பிட்ட அளவில் கணினியில் ஏற்றித் தரும் வேலையே இன்று பல ஸ்டூடியோக்களைத் தாங்குகிறது.

நிற்பது எது?

அப்படியானால் தொழில் முடிந்ததா? இல்லை என்பதே என் துணிபு. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, ஒளி. பெரிய தொழில்முறைக் காமிராவில் ஒளியை வாங்கும் சில்லின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். சாதாரணக் கைப்பேசியில் அது ஏறத்தாழ இருபது, முப்பது சதுர மில்லிமீட்டர்தான். பகல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு தெரியாது. பல படங்களை ஒன்றாக இணைத்துக் குறையை ஈடுசெய்யக் கைப்பேசிக்குத் தெரியும். ஆனால் மார்கழி மாதத்து மயிலாப்பூர் சபாவில், மங்கிய மேடை விளக்கில் நாட்டியமாடும் பெண் துள்ளியெழும் கணத்தை, பிளாஷ் போடாமல் பிடிக்க வேண்டுமானால் கருவியும் வேண்டும், தாளத்தின் அடுத்த அடி எங்கே விழும் என்ற அறிவும் வேண்டும்.

இரண்டாவது, பொறுப்பு. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் மாட வீதியில் எழுந்தருளும்போது பாருங்கள். ஆயிரம் கைகள் கைப்பேசியுடன் உயர்கின்றன. ஒவ்வொருவரும் தாம் வந்ததற்கு அடையாளம் தேடுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் விழா முழுவதையும் பதிவு செய்ய வேண்டும் என்ற கடமை அவர்களில் எவருக்கும் இல்லை. திருமணத்தில் தாலி கட்டும் நொடி ஒன்றுதான். உறவினர் எடுத்த படம் சரியில்லை என்றால் யாரும் கேட்க முடியாது. கூலி பெற்றவர் தவறவிட்டால் கேட்கலாம். அந்தப் பொறுப்புக்கே நாம் பணம் தருகிறோம்.

மூன்றாவது, உண்மை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடியபின், கடலூரில் உறவினரைப் பறிகொடுத்து மணலில் வீழ்ந்து கதறிய பெண்ணை ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஆர்கோ தத்தா படமெடுத்தார். உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்பு அந்த ஆண்டின் சிறந்த படமாக அதைத் தேர்ந்தெடுத்தது. எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்பதற்கு அங்கே ஓர் ஆள் சாட்சி நிற்கிறார். 2023-இல் ஜெர்மானியர் போரிஸ் எல்டாக்சன், சோனி உலகப் புகைப்படப் போட்டியில் தமக்குக் கிடைத்த பரிசை மறுத்தார். அது காமிரா எடுத்த படமே அன்று, செயற்கை நுண்ணறிவு உருவாக்கியது என்று அவரே அறிவித்தார். நடுவர்களே ஏமாறும் காலத்தில், “நான் அங்கே இருந்தேன், நான் பார்த்தேன்” என்று பெயர் சொல்லி நிற்பவரின் மதிப்பு கூடுமேயன்றிக் குறையாது.

நான்காவது, பாதுகாப்பு. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதி வீடுகளில் வெள்ளம் புகுந்தது. ஆல்பங்கள் நனைந்து ஒட்டிப்போயின. அந்நாளில் ஸ்டூடியோக்களில் நெகடிவ்களை எண்ணிட்டு உறையிலிட்டு வைப்பார்கள். கேட்டால் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பிரிண்ட் கிடைக்கும். இன்று கைப்பேசி தொலைந்தால் படங்களும் தொலைகின்றன. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பாதுகாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் மேற்கொண்டது, அவற்றின் அருமையை உணர்ந்துதானே?

முடிவாக

புகைப்படத் தொழில் பிழைக்கும். ஆனால் பழைய தொழிலாளர் எல்லோரும் அதனுடன் பிழைக்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. டச்சிங் கலைஞருக்கும் இருட்டறைப் பணியாளருக்கும் மாற்றுப் பயிற்சி தர யாரும் முன்வரவில்லை. கருவி தம்மிடம் மட்டுமே இருந்ததால் கிடைத்த வருமானம் இனித் திரும்பாது. ஒளியை அறிந்தவர், சடங்கின் ஒழுங்கை அறிந்தவர், எடுத்ததற்குப் பொறுப்பேற்பவர், எடுத்ததைக் காப்பவர் ஆகியோருக்கே இத்தொழிலில் இடமுண்டு. இத்துறையில் நுழைய விரும்பும் நண்பர்கள் காமிரா வாங்குமுன் இவற்றைக் கற்றுக்கொள்வார்களாக.

மற்ற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் பாட்டனார் பாட்டியாரை அருகிலுள்ள ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்று ஒரு நல்ல படம் எடுத்து, காகிதத்தில் பிரிண்ட் போட்டு, பின்புறம் அவர்கள் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதி வையுங்கள். கைப்பேசியில் இருக்கும் ஆயிரம் படங்களில் பெயர் எழுதிய படம் ஒன்றேனும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள்.