கம்பனை அருகில் வைத்துப் படித்த டென்னிசன்

மேலை நாட்டுத் தத்துவத்தையும் இலக்கியத்தையும் தமிழகக் கல்லூரிகள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கற்பித்து வருகின்றன. ஆயினும் அந்தப் பாடங்கள் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல் புதிய எழுத்தாகவும் சிந்தனையாகவும் விளைந்த இடங்களைத் தேடினால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியே முதலில் கண்ணில் படுகிறது. 1837இல் ஸ்காட்லாந்து திருச்சபையின் பள்ளியாகத் தொடங்கி, வில்லியம் மில்லரின் உழைப்பால் கல்லூரியாக வளர்ந்து, ஜார்ஜ் டவுனில் நெடுங்காலம் இயங்கிய அந்நிறுவனம், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து பயிலும் உறைவிடக் கல்வியை நாடி, 1937இல் தாம்பரத்துப் புதர்க்காட்டு நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இலேயே ஓடத் தொடங்கிவிட்டதால், நகரத்தை விட்டு விலகிய அவ்விடம் நகரத்துக்கு எட்டாததாகவும் இருக்கவில்லை.

கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்திலேயே உருவான கல்வி மரபின் இயல்பைப் பரிதிமாற்கலைஞர் என்னும் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரின் மாணவப் பருவம் தெளிவாகக் காட்டுகிறது. மில்லர் வகுப்பில் டென்னிசனின் ஆர்தர் மன்னன் கவிதையை விளக்கி, துடுப்பு வலிக்கும் ஓடத்தை அன்னத்துக்கு ஒப்பிட்ட நயத்தைப் பாராட்டி, இத்தகைய உவமை தமிழில் உண்டா என்று கேட்டதாகவும், சாஸ்திரியார் உடனே கம்பராமாயணத்தில் குகன் ஓடம் செலுத்தும் பாடலை எடுத்துரைத்ததாகவும் அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இந்நிகழ்ச்சியைத் தமிழின் வெற்றியாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் இரு பாடல்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அதனினும் பெரிய பயன் கிடைக்கிறது. இரண்டும் பிரிவுக் காட்சிகள். இரண்டிலும் ஓடம் அன்னம்போல் நகர, கரையில் நிற்போர் கலங்குகின்றனர். டென்னிசனின் அன்னம் சாகுமுன் பாடுகிறது. கரையில் ஒரே ஒரு வீரன் நெடுநேரம் பார்த்து நிற்கிறான். கம்பனின் ஓடமோ விரைந்து செல்கிறது. கரையில் நின்ற மறையோர் தீயில் பட்ட மெழுகாக உருகுகின்றனர். துயரம் ஒருவனின் தனிமையாக அங்கும், பலரின் உருக்கமாக இங்கும் அமைவதை உணரும் மாணவர், இரு கவிஞரையும் முன்னைவிட நுட்பமாக அறிகிறார்.

அதே கல்லூரியில் தமிழாசிரியரான சாஸ்திரியார், ஆங்கிலத்தின் பதினான்கு அடிப் பாவகையான ‘சானெட்’ வடிவத்தைத் தமிழ் யாப்புக்குள் கொண்டுவந்து ‘தனிப்பாசுரத்தொகை’யை இயற்றினார், வடமொழி, ஆங்கில நாடக நெறிகளை உள்வாங்கி ‘நாடகவியல்’ என்னும் இலக்கண நூலையும் படைத்தார். முப்பத்து மூன்று வயதில், 1903இல், அவர் மறைந்தது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பு.

தத்துவத் துறையில் மேலை, கீழைச் சிந்தனைகளின் இதே சந்திப்பு வேறு விதமாக நிகழ்ந்தது. வேதாந்தத்தில் அறவியலுக்கு, அதாவது மனித நடத்தையின் நன்மை தீமைகளை ஆராயும் துறைக்கு, இடமில்லை என்ற கிறித்தவத் திறனாய்வு, அங்குப் பயின்ற ச. இராதாகிருஷ்ணனின் மனத்தைத் தைத்தது. அதற்கு விடையாக அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு 1908இல் நூலாக வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் ஒரு மதப்பணியாளர். தம் சமயத்தாரின் கருத்தை மறுக்க முனைந்த மாணவரை அவர் அடக்கவில்லை, பாராட்டினார். மேலைச் சிந்தனையைக் கற்பிக்கும் எவரிடமும் முதலில் எதிர்பார்க்க வேண்டிய பண்பு இதுவே.

1938 டிசம்பரில் உலகெங்கிலுமிருந்து வந்த திருச்சபைப் பிரதிநிதிகள் தாம்பரம் வளாகத்தில் கூடியபோது அப்பண்பு உலக அரங்கிலும் வெளிப்பட்டது. கிறிஸ்துவில் வெளிப்பட்ட இறைச் செய்திக்கும் ஏனைய சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று, கார்ல் பார்த்தின் இறையியலை ஒட்டி, டச்சு அறிஞர் ஹென்றிக் கிரேமர் மாநாட்டுக்கென்றே ஒரு நூல் எழுதியிருந்தார். இந்தியரோடு பல்லாண்டு பழகிய ஹாக் அதை ஏற்கவில்லை. பிற சமயத்தவரின் உள்ளத்திலும் மதிக்கத்தக்க உண்மையான இறைநம்பிக்கை உண்டு என்று வாதிட்டார். ஐரோப்பாவின் அன்றைய புத்தம்புதிய சிந்தனை ஒன்று தாம்பரத்தில் இந்திய அனுபவத்தால் உரைத்துப் பார்க்கப்பட்டது.

இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அக்கல்லூரியில் வாய்த்த இந்த நீண்ட மரபு, ஓவியத்துக்கு வாய்க்கவில்லை. நவீன ஓவியத்தை ஐரோப்பியப் படைப்புகளோடு உறவாடவிட்டு, அதே நேரத்தில் உள்ளூர் வேரையும் தேடிய முயற்சி, தாம்பரத்துக்குக் கிழக்கே, கடலோர ஈஞ்சம்பாக்கத்தில், பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கு வெளியே உருவானது. 1966இல் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியர்கள் பாடிக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்ற பணத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தனர். 1963 முதல் பணிக்கர் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துப் போன்ற கிறுக்கல்களும் சாதகக் கட்டங்களை நினைவூட்டும் வரைவுகளும் திரையை நிரப்புகின்றன. அருவ ஓவியம், அதாவது உருவங்களைச் சித்திரிக்காமல் கோட்டாலும் நிறத்தாலும் பேசும் ஓவியம், தென்னிந்தியக் கையெழுத்தில் வந்ததற்கு அவை சான்று. நவீனத்துவ எழுத்தாளர்களான எலியட்டையும் ஜாய்ஸையும் படிக்கும் தென்சென்னை மாணவருக்கு இந்த ஓவியங்கள் ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே இருக்கின்றன. நவீனத்துவம் குறித்த பாடவேளைகளில் சிலவற்றையேனும் அங்கு நடத்துவதற்குத் துறைகள் முன்வர வேண்டும்.