64 கட்டம், 64 ஓட்டு

செல்போனும் உள்ளே போகக்கூடாது, பெற்றோரும் போகக்கூடாது. அதனால் பல்லடத்தில் செஸ் போட்டி நடந்த பள்ளி ஹாலுக்கு வெளியே நாங்கள் நாற்பது பேர் ஜன்னல் கம்பியில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றிருந்தோம். உள்ளே என் பொண்ணு, எதிரே முன்பல் விழுந்த ஒரு பையன். அவன் குதிரையைத் தூக்கினான், வைத்தான், கடிகாரத்தைக் குத்தினான். குத்திய வேகத்தில் கடிகாரம் ஓரடி நகர்ந்தது. பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர், "போச்சு, ரூக்கு போச்சு" என்று முனகினார். எந்தக் குழந்தையின் ரூக் என்று கேட்கத் தைரியமில்லை.

இரண்டு ரவுண்டுக்கு நடுவில் போட்டி நடுவரான ஆர்பிட்டர் டீ குடிக்க வெளியே வந்தார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்: "ஏனுங்ண்ணா, இந்தியா செஸ் சங்கத்துக்குத் தலைவர் எலெக்‌ஷன் நடக்குதே, அதுல ஓட்டுப் போடறது யாருங்ண்ணா?"

"அது தெரியோணும்னா இன்னொரு டீ சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஐயோ, என்ன கதை! யாரோடு யார் ஆடுவது என்று போட்ட பேரிங் ஷீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு படிக்கட்டு வரைந்தார். அடிப்படியில் நம் குழந்தைகள். அதற்கு மேலே மாவட்டச் சங்கம், அதற்கு மேலே மாநிலச் சங்கம், உச்சியில் அகில இந்திய செஸ் கூட்டமைப்பு, 1951-ல் தொடங்கியது. உச்சிப்படித் தேர்தலில் ஒவ்வொரு மாநிலச் சங்கத்துக்கும் 2 ஓட்டு. நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெற்றுக்கொடுத்த தமிழ்நாட்டுக்கும் 2, ஒரு கிராண்ட்மாஸ்டரும் இல்லாத மாநிலத்துக்கும் 2. 1988-ல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனாரே, அதற்கான கடைசிப் படியை அவர் ஏறியது நம் கோவையில், சக்தி ஃபைனான்ஸ் போட்டியில். 2019-ல் 61-வது கிராண்ட்மாஸ்டர் ஆன இனியன் ஈரோட்டுப் பையன். இதற்கெல்லாம் போனஸ் ஓட்டு கிடையாதா என்றேன். "நல்லா கேட்டீங்க போங்க" என்று சிரித்தார். உலக அளவிலும் இதே கணக்குதான். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தேர்தலில் இந்தியாவுக்கு ஓர் ஓட்டு, மொனாக்கோவுக்கும் ஓர் ஓட்டு.

இப்போது வருகிறது எனக்குத் தலைசுற்றிய இடம். 2020 முழுக்கக் கூட்டமைப்பு இரண்டு அணியாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் தலைவர் வெங்கட்ராம ராஜா, நம் ராம்கோக்காரர். மறுபக்கம் செயலாளர் பரத் சிங் சௌகான். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் ஏறியது. கடைசியில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தேர்தல் அதிகாரியாக இருந்து, 2021 ஜனவரி 4 அன்று ஆன்லைனில் ஓட்டெடுப்பு நடந்தது. தலைவர் பதவிக்கு கான்பூர் சஞ்சய் கபூருக்கு 33, ராஜாவுக்கு 31. கூட்டிப் பாருங்கள். 64! செஸ் போர்டில் எத்தனை கட்டமோ அத்தனை ஓட்டு. இதை எவரும் திட்டமிட்டிருக்க முடியாது. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன்.

அதில் ஒரே ஒரு ஆள் கை மாறி அழுத்தியிருந்தால் 32-32. டிரா! நாட்டின் மொத்த செஸ்ஸுக்கும் தலைவர் யார் என்பது ஒரு மனிதரின் ஒரு கிளிக்கில் தொங்கியிருக்கிறது. ஆர்பிட்டர் குரலைத் தாழ்த்திச் சொன்ன சங்கதி இன்னொன்று: இந்த மாதிரித் தேர்தலில் பாதி ஆட்டம் ஓட்டுப் போடும் நாளுக்கு முன்பே முடிந்துவிடும். எந்த மாநிலத்தில் எந்தச் சங்கம் அசல், அது அனுப்பும் இரண்டு பேர் யார் யார், வாக்காளர் பட்டியலில் எந்தப் பெயர் ஏறும் என்பதெல்லாம்தான் ஓப்பனிங். ஓப்பனிங் சரியாக விழுந்தால் மீதி தானாக நடக்கும். கல்யாணத்துக்குப் பத்திரிகையில் பெயர் போடுகிற சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இதற்கு நடுவே வீரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். 2020 ஆகஸ்டில் ஆன்லைன் ஒலிம்பியாடில் ரஷ்யாவோடு சேர்ந்து தங்கம். மெடல் கூரியரில் வந்து கஸ்டம்ஸில் மாட்டிக்கொள்ள, அணியின் துணைத் தலைவராக இருந்த ஸ்ரீநாத் நாராயணன் சொந்தக் காசில் 6,300 ரூபாய் சுங்கம் கட்டி மீட்டார். நாட்டுக்காக ஜெயித்த தங்கத்துக்கு டியூட்டி! அடகுக்கடையில் நகை மீட்கிற மாதிரி.

அதே 2021 தேர்தலில் செயலாளர் பதவிக்குச் சௌகான் 35, ரவீந்திர டோங்ரே 29. சௌகான் ஜெயித்தார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். டோங்ரே டெல்லி உயர் நீதிமன்றம் போனார். 2011-ன் தேசிய விளையாட்டு நெறிமுறையில் ஒரு வரி ஒளிந்திருந்தது: பதவியில் இருப்பவர் தொடர்ந்து மறுபடி நின்றால் பாதிக்கு மேல் வாங்கினால் போதாது, மூன்றில் இரண்டு பங்கு வாங்க வேண்டும். 64-க்கு 43. சௌகானிடம் இருந்தது 35. எட்டு ஓட்டு குறைவு. ராணி ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டு நேரம் தீர்ந்து தோற்கிற மாதிரி! 2022 ஜூனில் அவர் அந்தப் பதவியில் தொடர முடியாது என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் அடுத்த மாதம் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட். மாஸ்கோவில் நடக்க வேண்டியது போரினால் இங்கே வந்துசேர்ந்து, சில மாதத்தில் எல்லாம் தயாராகிக்கொண்டிருந்த நேரம். போட்டி இயக்குநர் யார்? அதே சௌகான். பந்தல் போட்டு, விருந்தாளி வந்து இறங்குகிற நேரத்தில் வீட்டுப் பெரியவரை வெளியே போகச் சொன்ன கதை. உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 15 வரை அவர் நீடிக்கலாம் என்றது. ஜூலை 28-ல் தொடங்கிய ஒலிம்பியாட் ஆகஸ்ட் 10-ல் முடிந்தது. நாமெல்லாம் வேட்டி கட்டிய 'தம்பி'யோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் இப்படியொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது! அந்தச் சமயத்திலேயே, ஆகஸ்ட் 7-ல், ஃபிடே தேர்தலும் சென்னையில் நடந்தது. தலைவர் பதவிக்கு நின்ற துவார்கோவிச்சுக்கு 157, எதிர்த்தவருக்கு 16. அந்த அணியில் நின்ற நம் ஆனந்த் துணைத் தலைவரானார். சங்கத் தேர்தலில் ஆட்டக்காரர் ஒருவர் பெயரைப் பார்த்ததே எனக்கு அன்றைக்குத்தான்.

ஆட்டக்காரர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். கூட்டமைப்பின் அனுமதி இல்லாத போட்டியில் ஆடினால் ரேட்டிங் போகும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. நான்கு வீரர்கள் புகார் கொடுத்தார்கள். 2018 ஜூலையில் இந்தியப் போட்டி ஆணையம் அந்த விதி தப்பு என்று சொல்லி, கூட்டமைப்புக்கு 6.92 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. விதியைப் போடுகிற மேசையில் ஆடுகிறவனுக்கு நாற்காலி இருந்திருந்தால் இது அங்கேயே தீர்ந்திருக்கும் என்பது என் கட்சி. விசைத்தறிக் கூலிப் பேச்சுவார்த்தையில்கூட ஒரு பக்கம் ஜவுளி உற்பத்தியாளர், எதிரே தறிக்காரர் உட்காருகிறார். கறிக்கோழிக்கு தினமும் பல்லடத்தில் ஒரு குழு விலை வைக்கிறது, அந்தக் குழுவிலும் கோழி உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். (கோழியைக் கேட்பதில்லை. செஸ் பிள்ளைகள் இதுவரை எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.)

இப்போது கதவு கொஞ்சம் திறக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. எந்த விளையாட்டுக் கூட்டமைப்பானாலும் நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, அதில் குறைந்தது 4 பெண்கள், பெயர் பெற்ற விளையாட்டு வீரர்கள் 2 பேராவது, வீரர்கள் குழுவிலிருந்து இன்னும் 2 பேர். தேர்தலைக் கவனிக்கத் தனிக் குழு, சண்டையைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம். 2025 ஜூலையில் பட்டுமியில் பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் திவ்யாவும் ஹம்பியும் மோதினார்கள். இரண்டு பேரும் நம்மவர்கள், வென்றது திவ்யா. அந்தத் தரத்துப் பெண்கள் கூட்ட மேசைக்கு வந்தால் எப்படி இருக்கும்! எனக்கு இப்போதே கை தட்டத் தோன்றுகிறது. சட்டம் நிர்வாகிகள் பக்கமும் தாராளமாகத்தான் இருக்கிறது. தொடர்ந்து மூன்று முறை, 12 வருஷம்வரை பதவியில் இருக்கலாம். அதற்கு நான் கை தட்டவில்லை.

அப்படியானால் எல்லா ஆட்டக்காரருக்கும் நேரடி ஓட்டுக் கொடுத்துவிடலாமே? அமெரிக்காவில் சங்க உறுப்பினர்களே நிர்வாகக் குழுவுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். இதைச் சொன்னதும் ஆர்பிட்டர் கண்ணை அகல விரித்தார். "ஏனுங்க, இங்க அகாடமிக்கு அகாடமி முன்னூறு பசங்க. அப்புறம் கோச்சு சொல்ற பக்கம் ஓட்டு. தேர்தலுக்கு முந்தின வாரம் இலவச டிராக் சூட், டிஜிட்டல் கிளாக்கு!" சிரித்துக்கொண்டே டீக்கு அவரே காசு கொடுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்கு முன்னூறு வேண்டாம், 15-ல் வீரர்களுக்கான அந்த நான்கு நாற்காலி சும்மா கைதூக்காமல் வாய் திறந்தால் போதும்.

கடைசி ரவுண்டு முடிந்தது. என் பொண்ணும் முன்பல் பையனும் சமப் புள்ளி, மூன்றாம் பரிசுக் கோப்பை ஒன்றுதான். எதிராளிகளின் புள்ளியைக் கூட்டிப் பார்க்கும் புக்கோல்ஸ் கணக்கில் பையனுக்கு அரைப் புள்ளி கூடுதல். சுவரில் ஒட்டிய தாளைச் சுற்றி நாற்பது பேரும் மொய்த்தோம். "எதிராளி எடுத்த புள்ளிக்கும் என் பொண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்? இந்த ரூலை யாருங்க போட்டது?" என்று ஒருத்தர் சத்தம் போட்டார். திரும்பிப் பார்த்தார்கள் எல்லோரும்.

நான்தான்.

ஆர்பிட்டர் பேரிங் ஷீட்டைத் திருப்பி, அந்தப் படிக்கட்டைக் காட்டினார். என் பொண்ணு அதற்குள் முன்பல் பையனோடு வராந்தாவில் உட்கார்ந்து, அவன் டிபன் பாக்ஸிலிருந்து கச்சாயம் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.